இரவுக் கடலின் நிறமொழி: கப்பல் விளக்குகளும் செல்திசை அறிதலும்

பெரும்பாணாற்றுப்படை காட்டும் கடற்கரை விளக்கு, கரை இருக்குமிடத்தைக் கலஞ்செலுத்துவோர்க்கு உணர்த்தியது. அது நிலைத்த விளக்கு. எதிர்ப்படும் கலம் எத்திசை நோக்கிச் செல்கின்றது என்னும் வினாவிற்கு விடை தரும் விளக்குகளோ நீராவிக் கப்பல்களின் காலத்திலேயே விதியாக வகுக்கப்பெற்றன.

இதற்குக் காரணம் உண்டு. பாய்க்கப்பல் காற்றுக்குக் கட்டுப்பட்டது. காற்றின் போக்கறிந்த மாலுமி அதன் வழியை ஓரளவு ஊகிக்கலாம். நீராவிக் கப்பலோ எத்திசையிலும் விரைந்து செல்லவல்லது. இருளில் தெரியும் ஒற்றை வெள்ளொளி அதன் இருப்பை அறிவிக்குமேயன்றிப் போக்கை அறிவிக்காது. எனவே 1846ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அதிகாரம் பெற்ற பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம், 1848இல் நீராவிக் கப்பல்களுக்கு இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் பாய்மரத்தில் வெள்ளையுமாக விளக்குகளை வகுத்தது. 1858இல் நிறவிளக்குகள் பாய்க்கப்பல்களுக்கும் விதிக்கப்பட்டன. பிரான்சுடன் கலந்து 1863இல் வகுக்கப்பட்ட விதிகளை, அடுத்த ஆண்டிற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன.

இன்று நடைமுறையிலுள்ள 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பக்கவிளக்கு ஒவ்வொன்றும் 112.5 பாகையும், பாய்மர விளக்கு முன்னோக்கி 225 பாகையும், பின்விளக்கு 135 பாகையும் ஒளிரும். சிவப்பு மட்டும் தெரியின், அக்கலம் காண்போரின் இடப்பக்கமாகச் செல்கின்றது. பச்சை மட்டும் தெரியின், வலப்பக்கமாக. இரண்டும் ஒருங்கே தெரியின், அது நேரெதிரே வருகின்றது. ஐம்பது மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள இயந்திரக் கப்பலில் இரு பாய்மர விளக்குகள் உண்டு. பின்னது உயரமானது, ஆதலின் தாழ்ந்த விளக்கு இருக்கும் பக்கமே அணியத்தின் பக்கம்.

எனினும், விளக்கு காட்டுவது அக்கணத்துத் திசையையே; செலுத்துவோரின் எண்ணத்தை அன்று. 1956 ஜூலை 25 இரவில், நாந்துக்கெட் தீவுக்கு அப்பால் ஆந்திரேயா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் மோதி 51 பேர் மாண்டனர். இரு கப்பல்களிலும் ராடார் இருந்தது. முதலில் எதிர்க்கப்பலின் சிவப்பையும், அது திரும்பியபின் பச்சையையும் கண்டதாக ஸ்டாக்ஹோமின் அதிகாரி சாட்சியம் அளித்தார். நிறம் மாறியதைக் கண்டபோது விலகக் காலம் இல்லை. இதனாலேயே நிறத்தோடு திசைகோணத்தையும் தொடர்ந்து நோக்குதல் இன்றியமையாததாகின்றது: தொலைவு குறைந்துவரவும் கோணம் மாறாதிருப்பின், மோதல் நெருங்குகின்றது.

வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற அன்னபூரணி, அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938இல் மாசச்சூசெட்சின் குளொஸ்டரை அடைந்தது. அக்கால விதிகளின்படி, காற்றால் ஓடும் கலத்திற்குப் பக்கவிளக்குகள் உண்டு. பாய்மர வெள்ளொளி இல்லை. முன்னிருந்து நோக்குவோர்க்கு அவ்வின்மையே இது பாய்க்கப்பல், இயந்திரக் கப்பல் விலகவேண்டும் என்று உரைத்தது. மொழியறியா மாலுமிகள் இருளில் ஒருவரையொருவர் அறிவதற்கு அமைந்த இம்மொழியில், ஈழத்துக் கலமும் பெருங்கப்பலும் சமநிலையிலேயே பேசின. தமிழர் கடலோடிய வரலாற்றை எழுதுவோர், கலங்களின் அமைப்போடும் வாணிகத்தோடும் நில்லாது, அவர்கள் பயின்ற இவ்விதிமுறை அறிவையும் கணக்கிற்கொள்ளல் வேண்டும்.