பழுதான கணினியில் பழுதாகாதவை

நூற்றாண்டு காணும் ஒரு கல்லூரியின் வரலாற்றில் அடிக்கல் நாட்டிய திகதிகளும் மண்டபங்களைத் திறந்துவைத்தவர்களின் பெயர்களும் தவறாமல் இடம்பெறும். எமது கல்லூரியின் வரலாறும் அவ்வாறே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இன்றைய கணினி அறைக்கும் வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அந்த அறை கட்டப்படுவதற்கு முன்னர், ஆய்வுகூடத்தின் மூலையிலிருந்த பழைய கணினிகள் எப்படி ஓடின என்பதைச் சொல்லும் பலகை எங்கும் இல்லை. பழுதாகிப்போன இன்னொரு கணினியின் உறுப்புகளைக் கொண்டே அவை ஓடின. அந்த உறுப்புகளைக் கழற்றிப் பூட்டியவர்கள் உயர்தர வகுப்பு மாணவிகள். தொண்ணூறுகளின் இறுதியில் அந்த வகுப்புகளில் இருந்த நாம் இப்போது நாற்பதுகளில் இருக்கிறோம். எழுதிவைக்காவிட்டால் அந்தச் சிறு வரலாறு எம்மோடு போய்விடும் என்பதால் இதை எழுதுகிறோம்.

விளக்கும் டைனமோவும்

இந்தப் பழக்கம் கணினியில் தொடங்கியதன்று. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. எரிபொருள், மின்கலம், சீமெந்து என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. நாம் அப்போது ஆரம்பப் பிரிவில் இருந்தோம். ஜாம் போத்தலின் அடியில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் எழுதப் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள் எமது வீட்டார். சில துளி பெற்றோல் விட்டு இயக்கிவிட்ட பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை இன்னும் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த வீடுகளில் எதையும் இலேசில் வீசுவதில்லை. ஒரு பொருள் ஓடவில்லை என்றால், அதில் எது ஓடவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். மற்றவை இன்னொன்றுக்கு உதவும். அம்மாமாரும் அம்மம்மாமாரும் தையல் மெசினிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்புவரை அப்படித்தான் நடத்தினார்கள். அதை ஒருவரும் தொழில்நுட்ப அறிவு என்று அழைக்கவில்லை. வீட்டுவேலை என்றே நினைத்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததும், அடுத்த ஆண்டில் பலர் திரும்பிவந்ததும் அனைவரும் அறிந்தவை. திரும்பிவந்த பின்னர் மின்பிறப்பாக்கிகள் மூலம் பகுதி பகுதியாக மின்சாரம் கிடைக்கத் தொடங்கியது. அந்த வெளிச்சத்தோடு கணினியும் எமது கல்லூரிக்கு வந்து சேர்ந்தது.

மூன்று பெட்டிகள்

எமக்குத் தெரிய ஆய்வுகூடத்தில் மூன்று கணினிகள் இருந்தன. இரண்டு 486 வகை, ஒன்று பென்ரியம். எல்லாம் எவரோ பாவித்து முடித்தபின் அன்பளிப்பாக வந்தவை. பென்ரியம்தான் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. மின்னழுத்தம் ஏறி இறங்கிய ஒரு நாளில் அது நின்றுபோனது. பிறகு எழும்பவேயில்லை.

கொழும்புக்கு அனுப்பித் திருத்தலாம் என்றார்கள். அப்போது ஏ9 வீதி மூடியிருந்தது. கொழும்புக்குப் போவதென்றால் கப்பல் அல்லது விமானம். அதற்கும் அனுமதி, காத்திருப்பு. அனுப்பிய பெட்டி எப்போது திரும்பும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே அதைத் திறந்து பார்ப்பது என்று பௌதிகவியல் ஆசிரியை முடிவெடுத்தார். "பெட்டையள் கை வைச்சுப் பழுதாக்கினால் ஆர் பொறுப்பு?" என்று ஒரு கேள்வி எழுந்தது. "ஏற்கெனவே பழுதானதுதானே, இனி என்னத்தைப் பழுதாக்கப் போகினம்?" என்றார் ஆசிரியை. அந்த ஒரு பதிலில் எமக்குக் கிடைத்த அனுமதி மிகப் பெரியது.

முதலில் எது இறந்தது, எது உயிரோடிருக்கிறது என்று அறியவேண்டும். பென்ரியத்தின் பவர் சப்ளையை நல்ல கணினியில் பொருத்திப் பார்க்க ஆசிரியை விடவில்லை. சந்தேகத்துக்குரியதை நல்லதில் பூட்டினால் இரண்டும் போகலாம். மாறாக, 486 இன் பவர் சப்ளையைக் கழற்றிப் பென்ரியத்துக்குக் கொடுத்தோம். அக்காலக் கணினிகளில் தாய்ப்பலகைக்குச் செல்லும் மின்இணைப்பு இரண்டு துண்டுகளாக இருக்கும். இரண்டிலுமுள்ள கறுப்பு வயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கமாக வரவேண்டும். மாறிப்போனால் பலகை எரிந்துவிடும். "கறுப்போடு கறுப்பு" என்று சொல்லிச் சொல்லித்தான் பூட்டினோம். அப்படியும் பென்ரியம் எழும்பவில்லை. தாய்ப்பலகைதான் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்தோம்.

இனி மற்ற உறுப்புகள். பென்ரியத்தில் 8 எம்.பி. கொண்ட இரண்டு நினைவகத் தகடுகள் இருந்தன. 72 முனை கொண்ட அந்தத் தகடு ஒரு தடவையில் 32 பிற் தரவைக் கொடுக்கும். பென்ரியத்தின் தரவுப்பாதை 64 பிற் என்பதால் அதற்கு எப்போதும் சோடியாகவே வேண்டும். 486 இன் பாதை 32 பிற். அதற்கு ஒன்று தனியாகவே போதும். ஆகவே ஒரு பென்ரியத்தின் சோடி இரண்டு 486 களுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரிந்தது. 8 எம்.பி. யில் மூச்சுவாங்கிய இரண்டும் 16 எம்.பி. ஆகின. விண்டோஸ் 95 இற்கு மைக்ரோசொவ்ற் கேட்ட குறைந்தபட்ச அளவு 4 எம்.பி. தான், ஆனாலும் 8 இற்கும் 16 இற்கும் இடையிலிருந்த வேறுபாட்டைக் காதாலேயே அறியமுடிந்தது. நினைவகம் போதாமல் வன்தட்டை ஓயாமல் சுரண்டிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் குறைந்துவிட்டது.

வன்தட்டு இன்னொரு பாடம். பென்ரியத்தினுடையது 1 ஜி.பி. யிலும் பெரியது. 486 இல் பூட்டியபோது அதில் பாதியளவுதான் தெரிந்தது. தட்டில் குறையில்லை, பழைய கணினியின் எண்ணும் முறைக்கு ஓர் எல்லை இருந்தது. 1024 உருளைகள், 16 தலைகள், 63 பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் 512 பைற்றுகள்: பெருக்கினால் 52 கோடியே 84 இலட்சத்து 82 ஆயிரத்து 304 பைற்றுகள். அதற்கு அப்பால் அதற்குக் கணக்குத் தெரியாது. நாம் இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் செய்து பார்த்ததும், இலக்கம் சரியாக வந்ததும் ஒரு பரிசோதனை வெற்றிபெற்ற மகிழ்ச்சி. பழைய தட்டோடு ஒப்பிட்டால் அந்தப் பாதியும் இரண்டு மடங்குக்கு மேல். சின்னஞ்சிறு ஜம்பர் ஒன்றை இடம்மாற்றி, புதியதை முதன்மையாகவும் பழையதைத் துணையாகவும் ஒரே நாடாவில் இணைத்தோம். நாடாவின் சிவப்புக்கரை முதலாவது முனையின் பக்கம் இருக்கவேண்டும் என்பதை அன்று கற்றவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள்.

பென்ரியத்தின் காட்சி அட்டை மட்டும் எந்த 486 இலும் ஏறவில்லை. அது பி.சி.ஐ. வகை, எமது பழைய பலகைகளில் அந்தத் துவாரமே இல்லை. அதைச் சுற்றி அலுமாரியில் வைத்தார் ஆசிரியை. பொருந்தாததை அழுத்திப் பொருத்தக்கூடாது, வீசவும் கூடாது என்பது அவருடைய விதி.

ஏன் பொருந்தியது?

வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நிறுவனம் செய்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தியது தற்செயலன்று. 1981 ஓகஸ்ட் 12 இல் ஐ.பி.எம். தனது முதலாவது பி.சி. யை வெளியிட்டது. விரைவாகச் சந்தைக்கு வரவேண்டும் என்பதற்காக, இன்ரெல்லின் 8088 செயலி உட்பட வெளிச்சந்தையில் கிடைத்த உறுப்புகளையே அதில் பயன்படுத்தினார்கள். விரிவாக்க அட்டைகளுக்கு ஐந்து துவாரங்களை விட்டார்கள். மின்சுற்று விபரங்களைத் தொழில்நுட்பக் கைநூலாகவும் வெளியிட்டார்கள். எவரும் அதற்குப் பொருந்தும் அட்டையைச் செய்யமுடிந்தது. சில ஆண்டுகளில் கொம்பாக் போன்ற நிறுவனங்கள் முழுக் கணினியையே செய்துவிட்டன.

1987 இல் ஐ.பி.எம். கதவைச் சாத்தப் பார்த்தது. பி.எஸ்/2 என்ற புதிய தொடரில் தனது உரிமத்துக்குட்பட்ட துவாரமுறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கொம்பாக் உட்பட ஒன்பது நிறுவனங்கள் கூடி, பழைய அட்டைகளும் பொருந்தும் மாற்றுமுறை ஒன்றை அறிவித்தன. ஐ.பி.எம். மின் மூடிய முறை நிலைக்கவில்லை. ஆனால் அந்தத் தொடரில் பயன்பட்ட 72 முனை நினைவகத் தகடு எல்லோருடைய பொது அளவாகியது. நாம் பென்ரியத்திலிருந்து கழற்றியது அதைத்தான். எங்கோ நடந்த அந்த வணிகப் போட்டியின் பலன், வீதி மூடியிருந்த ஊரிலுள்ள ஓர் ஆய்வுகூடம்வரை வந்து சேர்ந்தது.

எம்மில் மருத்துவரானவர்களுக்கு இது பழக்கமான கதை. 1901 இல் லான்ட்ஸ்டைனர் குருதி வகைகளைப் பிரித்துக் காட்டிய பின்னரே குருதி மாற்றீடு ஆபத்தில்லாத சிகிச்சையாக வளர்ந்தது. 1954 இல் பொஸ்ரனில் முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை வெற்றிபெற்றது ஒத்த இரட்டையரிடையே. கொடுக்கும் மனம் மட்டும் போதாது; பொருந்தவும் வேண்டும். எமது நாட்டில் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான இயக்கம் 1964 இல் சிங்கப்பூருக்கு விழிவெண்படலங்களை அனுப்பியது. அதன் பின்னாலும், முடிந்துபோன ஒன்றில் முடியாத ஒன்று இருக்கிறது என்ற எளிய அறிவே இருந்தது.

இன்றைக்கு என்ன தேவை?

2002 இல் ஏ9 வீதி திறந்தது. பொருட்கள் வந்தன, புதிய கணினிகளும் வந்தன. பழைய பெட்டியைத் திறக்கவேண்டிய தேவை குறைந்தது. அது மகிழ்ச்சிக்குரியது. பற்றாக்குறையைப் பொற்காலமாக்கிப் பாடுவது எமது நோக்கமல்ல; அந்த ஆண்டுகளில் இழந்தவை கணினிகளிலும் பெரியவை.

ஆனால் தேவை திரும்பத் திரும்ப வருகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்குள் போனபோது, வீட்டில் தூசிபடிந்திருந்த மடிக்கணினிகளைத் தேடியெடுத்தோம். 2022 இல் டொலர் சில மாதங்களில் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தபோது, புதியது வாங்குவது பல குடும்பங்களுக்குக் கனவானது. திரை உடைந்த ஒரு மடிக்கணினியிலிருந்து நினைவகத்தையும் எஸ்.எஸ்.டி. யையும் கழற்றி, அதே வகையை ஏற்கும் பழையதொன்றில் பூட்டினால், வீசவிருந்த கணினி இன்னும் சில ஆண்டுகள் ஒரு பிள்ளைக்கு உதவும். விதிகள் இப்போதும் அவைதான். டி.டி.ஆர்.3 தகடு டி.டி.ஆர்.4 துவாரத்தில் ஏறாது. வெட்டுக்குறியின் இடமே வேறு. அழுத்திப் பார்ப்பதற்கு முன் பெயரைப் படிக்கவேண்டும். வேலை தொடங்குமுன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றவேண்டும். பவர் சப்ளையின் உட்புறத்தையும் பழைய குழாய்த் திரையையும் மாணவர்கள் திறக்கவே கூடாது; மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அவற்றில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். கைமாறும் தட்டிலுள்ள தரவுகளை முற்றாக அழிக்கவேண்டும். படங்களும் கடிதங்களும் மருத்துவ அறிக்கைகளும் அதில் இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐக்கிய நாடுகளின் கணிப்பின்படி, 2022 இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 வீதம் மட்டுமே. செம்புக்காக வயரை எரிக்கும்போது எழும் புகையும், பழைய பற்றாசிலுள்ள ஈயமும் முதலில் பாதிப்பது குழந்தைகளை. வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. இதைப் பழைய மாணவிகளாக மட்டுமன்றி மருத்துவர்களாகவும் சொல்கிறோம்.

இதற்கு எதிரான போக்கும் நடக்கிறது. நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து, கழற்றமுடியாமல் செய்யும் மடிக்கணினிகள் பெருகிவிட்டன. பிரான்ஸ் 2021 முதல் மடிக்கணினி உட்படச் சில பொருட்களுக்குத் திருத்தக்கூடிய தன்மைக்கான புள்ளியைக் காட்டவேண்டும் என்று சட்டமாக்கியது. வெளிநாட்டிலிருந்து கல்லூரிக்குக் கணினி அனுப்பும் தோழியர், வாங்குமுன் அதைத் திறக்கமுடியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நூற்றாண்டு நினைவாகப் புதிய கணினிகளுக்கு நிதி சேர்க்கப்படுகிறது, நாமும் சேர்கிறோம். அதனோடு ஒரு மேசையும், ஒரு ஸ்குறூட்ரைவர் பெட்டியும், பூட்டுள்ள ஓர் அலுமாரியும் கேட்கிறோம். பழுதானவை அந்த மேசைக்கு வரட்டும். ஆசிரியை ஒருவரின் மேற்பார்வையில் மாணவிகள் அவற்றைத் திறக்கட்டும். எந்தக் கணினியிலிருந்து எதை எடுத்து எதில் பூட்டினார்கள் என்பதைத் திகதியோடும் தம் பெயரோடும் ஒரு கொப்பியில் எழுதட்டும். எமது காலத்தில் அப்படியொரு கொப்பி இருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஒரு மாணவியின் பெயர்கூட இல்லை.