நியூ ஃபிலடெல்ஃபியா (இல்லினாய்)

நியூ ஃபிலடெல்ஃபியா, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பைக் கவுண்டியில் 1836இல் நிறுவப்பட்ட சிற்றூர். கறுப்பினத்தவர் ஒருவர் மனை பிரித்துச் சட்டப்படி பதிவு செய்த முதல் அமெரிக்க ஊராக இது அறியப்படுகிறது.

ஊரை நிறுவிய ஃபிராங்க் மெக்வொர்ட்டர் 1777இல் தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் கென்டக்கியில், எசமானரின் பண்ணை வேலை போக மிஞ்சிய நேரத்தில் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்து விற்றுப் பணம் சேர்த்தார். 1817இல் அதைக் கொண்டு அவர் முதலில் மீட்டது தன்னையல்ல, மனைவி லூசியை. விலை 800 டாலர். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். லூசி அப்போது கருவுற்றிருந்தார். மகன் ஸ்குவையர் அடிமைத்தளை இல்லாமல் பிறந்தான். 1819இல் மெக்வொர்ட்டர் அதே விலைக்குத் தன்னை மீட்டுக்கொண்டார். அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடிய மகன் ஃபிராங்கின் விடுதலைக்காக 1829இல் வெடியுப்புத் தொழிலையே எழுதிக் கொடுத்தார்.

1831இல் இல்லினாயில் குடியேறியவர், ஏக்கர் 1.25 டாலர் வீதம் 80 ஏக்கர் அரசு நிலம் வாங்கி, அதில் 42 ஏக்கரை 144 மனைகளாகப் பிரித்தார். மனை விற்ற பணம் அடிமைத்தளையில் இருந்த பிள்ளைகளை மீட்கவே என்று மாநிலச் சட்டமன்றத்துக்கான மனுவிலேயே சொல்லப்பட்டது. ஊர் உருவானதன் காரணம் அதுதான். 1854இல் அவர் இறந்த பின்னும், உயிலின்படி பேரப்பிள்ளைகள் மீட்கப்பட்டனர். குடும்பத்தாரை மீட்க மொத்தம் ஏறத்தாழ 14,000 டாலர் செலவானது.

மிசிசிப்பிக்கு அக்கரையில், மிசூரியின் ஹனிபல் நகரில் அடிமை வியாபாரம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இங்கே கறுப்பரும் வெள்ளையரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். வேறுபாடு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இரு இனத்தாரின் இடுகாடுகளும் தனித்தனியாகவே இருந்தன. 1865 வாக்கில் மக்கள்தொகை சுமார் 160.

1869இல் வந்த இரயில் பாதை ஊரைத் தொடாமல் வடக்கே வளைந்து சென்றது. விளைபொருளும் வியாபாரமும் நிலையமுள்ள ஊர்களுக்கு நகர, கடைகளும் கைத்தொழில்களும் தேய்ந்தன. 1885இல் ஊரின் பெரும்பகுதி மனைப் பதிவு ரத்தாகி விளைநிலமானது.

2002 முதல் நடந்த தொல்லியல் ஆய்வில் வீட்டு அடித்தளங்கள், ஆணிகள், பீங்கான் ஓடுகள் கிடைத்தன. புழங்கிய பாத்திரங்களை வைத்து எது கறுப்பர் வீடு, எது வெள்ளையர் வீடு என்று பிரித்தறிவது எளிதாக இல்லை. 2009இல் தேசிய வரலாற்றுச் சின்னமான இவ்விடம், 2022 டிசம்பரில் தேசியப் பூங்காத் துறையின் வரலாற்றுத் தலமானது.