கடலின் சொல்லும் ஏரிகளின் நிலமும்

ஸ்ரீபெரும்புதூரில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தெரியாது. சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள இவ்வூரும் அதற்குத் தெற்கே உள்ள ஒரகடமும் இன்று கார்களுக்கும் கைபேசிகளுக்கும் பெயர்பெற்றவை. ஆயினும் 2023 டிசம்பர் 4 அன்று இவ்வட்டாரத்தின் பெரிய ஆலைகள் சில இயங்காமல் நின்றதற்குக் காரணம் கடலே. சென்னைக்கு அருகே மெல்ல ஊர்ந்து சென்ற மிக்ஜாம் புயல், மறுநாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. அதன் மழையோ அதற்குள் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் வெள்ளக்காடாக்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கடல் நம் அன்றாட உழைப்பை இவ்வளவு நெருங்கித் தொடுகிறதெனில், அக்கடலின் போக்கை முன்கூட்டி அறிய மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறும் நமக்கு உரியதன்றோ?

கேட்கப்படாத எச்சரிக்கை

இவ்வரலாறு நம் மண்ணிலேயே தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினர். விண்மீன்களுக்காக எழுந்த அந்நிலையத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகளும் எழுதப்பட்டன. இன்றும் சென்னை வானிலை ஆய்வு மையம் அவ்வளாகத்திலேயே இயங்குகிறது.

வங்கக் கடலின் புயல்களை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, புயற்காற்று சுழன்று வீசுவதை அவர் ஆராய்ந்தார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை ஆக்கியவரும் அவரே. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு எண்ணியபோது, கடல்நீர் பொங்கி அவ்விடத்தை அழிக்கும் என்று 1853இல் அவர் தலைமை ஆளுநருக்கே எழுதினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. 1858இல் அவர் மறைந்தார். போர்ட் கானிங் எழுந்தது. 1867 நவம்பர் 1 அன்று வந்த புயலில் அது சிதைந்தது. பின்னர் கைவிடவும் பட்டது.

அதே புயலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் அறிவியல் பயிற்றுவித்த சேசு சபைத் துறவி யூஜின் லபோன், தம் கருவிகள் காட்டிய மாற்றத்தைக் கண்டு, புயல் நெருங்குவதை முன்கூட்டியே அறிவித்தார். அவருடைய எச்சரிக்கையால் பல உயிர்கள் தப்பின. ஒரே புயலில் ஒரு சொல் வீணாயிற்று, மற்றொரு சொல் உயிர் காத்தது. அறிவு இருவரிடமும் இருந்தது. வேறுபாடு கேட்டவர்களிடம் இருந்தது.

அளவீடும் கணக்கும்

1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினம் சிதைந்தது. பஞ்சங்களும் தொடர்ந்தன. இவற்றின் பின்னரே 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. 1904 முதல் 1924 வரை அதன் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்னறிய விரும்பி உலகெங்குமுள்ள காற்றழுத்தக் குறிப்புகளை ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலின் ஊசலாட்டம் இந்திய மழையோடு பிணைந்திருப்பதை அவர் கண்டறிந்தார். பின்னாளில் இது எல் நினோவோடு இணைத்து விளக்கப்பட்டது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குன்றுவதும், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை மிகுவதும் பெரும்பாலும் காணப்படுவதே. 2015, 2023 ஆகிய இரண்டும் எல் நினோ ஆண்டுகள் என்பது கருதத்தக்கது.

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அலைகள் விழுங்கியபோது, பயணிகளோடு வந்த புகைவண்டியும் அழிந்தது. 1973இல் சென்னையில் புயல் எச்சரிக்கை ரேடார் நிறுவப்பட்டது. 1983இல் இன்சாட் துணைக்கோள் மேகங்களைப் படம்பிடிக்கத் தொடங்கியது. 1993இல் சென்னையில் அமைந்த தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு, காற்றையும் அலையையும் நீரின் வெப்பத்தையும் அளந்து வருகிறது.

இவ்வளவு அளவீடுகள் எதற்கு? கணினியில் கடலும் காற்றும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்றைய நிலையைத் தந்தால், இயற்பியல் விதிகளின்படி நாளைய நிலையைக் கணினி கணக்கிடும். தொடக்கத்தில் தரும் அளவு பிழையானால் முடிவும் பிழையாகும். வங்கக் கடலோ எளிதில் பிடிபடாதது. கங்கையும் பிரம்மபுத்திராவும் பிற ஆறுகளும் கொட்டும் நன்னீர் உப்புநீரின்மேல் ஆடைபோல் படர்வதால், மேற்பரப்பு நீர் ஆழத்துக் குளிர்நீரோடு எளிதில் கலப்பதில்லை. அவ்வெப்பமே புயலுக்கு உணவாகிறது. 2025 மே மாதம் இந்தியா அறிமுகப்படுத்திய பாரத் முன்னறிவிப்பு முறை 6 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடுகிறது. முன்பு அது 12 கிலோமீட்டராக இருந்தது.

சொல் சென்று சேரும் வழி

கணக்கு துல்லியமானால் போதுமா? 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013இல் அதே கரையைப் பைலின் புயல் தாக்குமுன் பல லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதனால் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் எழுந்தபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த நம் மீனவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. குமரிக் கடலோரப் பங்குகளில் எத்தனை இல்லங்கள் இன்னும் அத்துயரைச் சுமக்கின்றன! கரையைவிட்டு நெடுந்தொலைவு சென்ற படகுகளுக்கும் துணைக்கோள் வழியே செய்தி தரும் 'ஜெமினி' கருவி 2019இல்தான் வந்தது.

ஏரிகளின் நிலம்

இனி நம் தொழிற்பகுதிக்குத் திரும்புவோம். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்றே வழங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிச் செல்லும். ஒரகடம், மணிமங்கலம் பக்கத்து நீர் அடையாற்றின் மேற்பகுதியைச் சேரும். வடகிழக்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது என்பதை அறிந்தே, நம் முன்னோர் ஏரிக்கு ஏரி கலங்கலும் கால்வாயுமாக இந்நிலத்தை அமைத்தனர். அவர்களிடம் கணினி இல்லை. ஆனால் பெருமழை திரும்பத் திரும்ப வரும் என்ற உறுதி இருந்தது. எனவே நீருக்கு இடம் விட்டனர்.

2015 டிசம்பர் 1 தொடங்கி ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. மேற்பகுதி ஏரிகளின் வெள்ளமும் அதனோடு சேர, அடையாற்றங்கரை மூழ்கியது. மிகக் கனமழை வரும் என்பதைச் சொல்லலாம். எந்த ஏரியின்மேல், எந்த மணியில், எவ்வளவு பெய்யும் என்பதைச் சொல்லுவதே இன்றும் கடினம். ஆகவே எவ்வளவு நுண்ணிய கணக்கும் கலங்கலுக்கும் கால்வாய்க்கும் மாற்றாகாது.

ஆலைகள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. பல ஊர்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி உழைக்கும் இளைஞரும் இளம்பெண்களும் அவற்றால் தம் குடும்பங்களைத் தாங்குகின்றனர். வெள்ளம் வரும்போது முதலில் துன்புறுபவரும் அவர்களே. எந்த ஏரி எங்கு நிரம்பும், எந்தச் சாலை முதலில் மூழ்கும் என்பது உள்ளூர் முதியவருக்குத் தெரியும். நேற்று வந்தவருக்குத் தெரியாது. எச்சரிக்கை அவருக்குப் புரியும் மொழியில், அவர் தங்கும் அறைவரை செல்லவேண்டும். நீர் செல்லும் தடத்தில் கட்டடம் எழுமுன் அதைத் தடுக்கும் துணிவும் நமக்கு வேண்டும். பிடிங்டனின் கடிதத்தை ஒதுக்கியவர்கள் 14 ஆண்டுகளில் அதன் விலையைக் கண்டனர். நமக்கோ 2015இலும் 2023இலும் கடலே இருமுறை எழுதிவிட்டது.