மூட்டுக்கு ஒரு சொட்டு

ஹார்ன் வாசிப்பவர்கள் என் பட்டறைக்குக் கொண்டுவரும் முதல் புகார் சத்தம்தான். லீவரை அழுத்தினால் ‘டக்’ என்கிறது, வால்வு தேய்ந்துபோச்சா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வால்வில் ஒரு குறையும் இருக்காது. லீவருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள சின்ன மூட்டு காய்ந்து கிடக்கும். பித்தளை வாத்தியங்களின் வரலாறு என்றால் வால்வைக் கண்டுபிடித்தவர் யார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது ஓட எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் நெடுநாள் வருத்தம்.

ஷ்டோல்செல், ப்ளூமெல் இருவரும் 1818-இல் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பாரிஸில் பெரினே 1839-இல் செம்மைப்படுத்திய பிஸ்டனில் விரல் நேராகப் பிஸ்டன் தலையையே அழுத்தும். நம் கல்யாண பாண்டு ட்ரம்பெட்டுகள் இந்த வம்சம். வியன்னாவில் யோசஃப் ரீட்ல் 1835-இல் காப்புரிமை வாங்கிய ரோட்டரி வால்வு வேறு வகை. அதன் உருளை மேலும் கீழும் போகாமல் கால் வட்டம் சுழலும். விரலோ கீழ்நோக்கித்தான் அழுத்தும். அழுத்தத்தைச் சுழற்சியாக மாற்ற லீவர், கம்பி, மூட்டு, சுழல்தண்டின் மேல் ஒரு கை என்று நிறைய உறுப்புகள் வேண்டியிருந்தன. லீவரைத் திரும்ப எழுப்ப, அந்நாளைய ஜெர்மன், ஆஸ்திரிய வாத்தியங்களில் சிறு டப்பிக்குள் கடிகார வில்லைச் சுருட்டி வைத்தார்கள். கடிகாரக்காரரின் வில் வந்ததும் அவருடைய கவலையும் கூடவே வந்துவிட்டது: எந்த எண்ணெய் நாள்பட்டாலும் இறுகாது?

விதை எண்ணெய்கள் பல, காற்றுப் பட்டால் பிசினாகும். கொழுப்பு அமிலம் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலை எண்ணெய் இதற்கு விலக்கு. அதன் பெரும்பகுதி சாதாரணக் கொழுப்பல்ல, திரவ மெழுகு. எளிதில் பிசினாகாது, குளிருக்கும் சூட்டுக்கும் அதிகம் மாறாது. அமெரிக்காவின் நியூ பெட்ஃபர்டில் நை நிறுவனம் ஓங்கில் வகைகளின் தாடைக் கொழுப்பிலிருந்து கடிகார எண்ணெய் செய்தது. கடுங்குளிரில் வைத்து, உறைந்ததை நீக்கி, உறையாமல் நின்றதை மட்டும் வடித்தெடுத்தார்கள். எவ்வளவு பொறுமையான வேலை! நம் தேங்காய் எண்ணெயைப் பாருங்கள், சுமார் 24 டிகிரியிலேயே உறைந்துவிடுகிறது. அதை மூட்டில் விட்டுவிட்டு மார்கழி விடியலில் வாசிக்கக் கிளம்பினால் லீவர் மந்தமாகத்தான் எழும். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் போகப்போக ஒட்டும்.

1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் டிரேக் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தபின் மண்ணெண்ணெயும் கனிம எண்ணெயும் மலிவாயின. பிஸ்டனுக்கு மண்ணெண்ணெய் விட்ட ட்ரம்பெட்காரர்கள் உண்டு. பிஸ்டனுக்கு அது ஓரளவு சரி, ஏனென்றால் பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் இடையில் மயிரிழைகூட இடைவெளி இருக்காது. கெட்டி எண்ணெய் அங்கே ஓட்டத்தைத் தடுக்கும். மூட்டின் கதை நேர்மாறானது. தேயத்தேய அங்கே தளர்வு கூடும், அந்தத் தளர்வை எண்ணெய்தான் நிரப்பி நிற்க வேண்டும். உலோகம் உலோகத்தில் மோதும் ஓசையைக் கெட்டி எண்ணெய் விழுங்கிவிடும். ஆகவே ரோட்டரி வால்வு ஒன்றுக்கே மூன்று தடிமன் வேண்டும்: உருளைக்கு மெல்லியது, சுழல்தண்டுக்கு நடுத்தரம், பந்து மூட்டுக்குக் கெட்டி. மெல்லியதையே எல்லா இடத்திலும் விட்டால் மூட்டு மறுபடி காய்ந்து தட்டத் தொடங்கும்.

1970-இல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அது நல்ல முடிவு. எந்த ஹார்னின் நாதமும் ஒரு திமிங்கிலத்தின் உயிருக்கு ஈடாகாது. இன்று செயற்கை எண்ணெய்கள் மூட்டுக்கென்றே தனிக் குப்பியில் கிடைக்கின்றன. கிடைக்காத ஊரில் நல்ல தையல் மெஷின் ஆயில் போதும், அடிக்கடி விட வேண்டியிருக்கும். ஊசி முனையில் எடுத்து ஒரு சொட்டு மட்டும் வையுங்கள். வழிந்து ரப்பர் தடுப்பில் பட்டால் ரப்பர் ஊதும்.

அமெரிக்கர்கள் பலர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மூட்டைத் தவிர்த்துவிட்டு லீவரையும் உருளையையும் நூலால் கட்டினார்கள். நூல் தட்டாது, எண்ணெயும் கேட்காது. அறுந்தால் அரை மணியில் புதிதாகக் கட்டிவிடலாம். புது மூட்டு வாங்க வழியில்லாதவர்களுக்கு நான் நூலைத்தான் சொல்கிறேன்.