ஒரு சேர் என்பது எவ்வளவு?

பேரரசர் ஷாஜகானின் (ஆட்சி: 1628–1658) அரண்மனைச் சமையலைக் கூறும் பாரசீக நூல் ‘நுஸ்கா-இ-ஷாஜஹானி’. இதனைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1956இல் அச்சிட்டது. அதே ஆண்டில்தான், மெட்ரிக் முறைக்கு வழிவகுத்த எடையளவுச் சட்டமும் இயற்றப்பட்டது.

இன்று அத்தகைய பழங்குறிப்புகளைக் கொண்டு சமைப்போர்க்கு முதல் இடர் ‘சேர்’ என்னும் சொல்லே. சென்னை மாகாணத்தில் 8 பலம் கொண்டது ஒரு சேர். சுமார் 280 கிராம். ஷாஜகான் காலத்துச் சேரோ 800 கிராமைக் கடந்தது. இறைச்சியைச் சேரிலும், இஞ்சி முதலியவற்றைத் ‘தாம்’ என்னும் சிறு எடையிலும் கூறும் குறிப்பில், நம் சேரை எண்ணி இறைச்சியை நிறுத்தால் மசாலா ஏறத்தாழ மும்மடங்காகிவிடும்.

அடுப்பும் மாறிவிட்டது. ‘தம்’ என்பது மாவால் வாய் அடைத்த தேக்சாவின் மூடிமேலும் தணல் இடுவது. எரிவாயு அடுப்பிலோ அடியில் தோசைக்கல் வைத்துத் தீயைத் தணிக்கிறோம், மேல்வெப்பம் இல்லை.

காஞ்சி நகர ஜமாஅத் சொந்தங்களே! நம் இல்லத்து மூதாட்டியரின் கைப்பக்குவமும் பலம், வீசை, ஆழாக்கு எனும் அளவுகளிலேயே வழங்கியது. அவ்வளவுகளை அறிந்தோர் நம்மிடையே உள்ளபோதே, கிராம் கணக்குடன் எழுதி வைப்பது நம் கடமையாகும்.