மோரிஸ் மைனரின் மூச்சு

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியை நம் மாணவர்கள் தடையின்றி ஒப்பிப்பர். அத்தேரின் அச்சை இழைத்த தச்சன் எவன் என்று அவர்களுள் ஒருவரும் வினவுவதில்லை. நாமும் வினவப் பழக்குவதில்லை. மகிழுந்தின் வரலாறும் இவ்வாறே எழுதப்பெற்று வந்துள்ளது. பென்ஸ், போர்டு, ரோல்ஸ், ராய்ஸ் என்னும் பெயர்கள் நாடறிந்தவை. ஆயின், அவ்வுந்துகளுக்குக் காற்றையும் பெட்ரோலையும் அளவறிந்து கலந்து ஊட்டிய சிறு கருவியை ஆக்கியோரை அறிந்தவர் மிகச் சிலரே. அக்கருவியே கார்புரேட்டர். தமிழில் எரிகலப்பி எனலாம். எனினும் நம் பட்டறைகளில் கார்புரேட்டர் என்ற பெயரே வழங்கி வந்தமையால் ஈண்டும் அதனையே ஆள்கிறேன்.

பெட்ரோல் நீர்மமாக இருக்கும் வரையில் எஞ்சினுக்கு உணவாகாது. அது நுண்துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலத்தல் வேண்டும். எடையளவில் பெட்ரோல் ஒரு பங்காயின் காற்று ஏறத்தாழ 15 பங்கு இருத்தல் வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை எழும், பிளக்கில் கரி படியும். குறைந்தால் எஞ்சின் இருமும், வலிமை குன்றும், அளவுக்கு மீறிச் சூடேறும். இந்தச் சமனை நிற்கும்போதும் ஓடும்போதும் மேடேறும்போதும் காத்தல் எளிதன்று.

1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் முச்சக்கர உந்தில் இருந்த கலப்பி மிக எளியது. தேங்கிய எரிநெய்யின் மேற்பரப்பில் எழும் ஆவியைக் காற்று வாரிச் செல்லும், அவ்வளவே. 1888 ஆகஸ்டில் அவர்தம் துணைவியார் பெர்த்தா பென்ஸ், மைந்தர் இருவருடன் மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அவ்வுந்திலேயே பயணம் செய்தார். வழியில் எரிநெய் தீர்ந்தது. வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடைக்குச் சென்று, கறை போக்கப் பயன்பட்ட லிக்ரோயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிநெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியிற் செருகும் ஊசியால் அடைப்பை நீக்கினார். கார்புரேட்டர் துறையில் ஊசி எடுத்த முதல் கை ஒரு பெண்ணின் கை என்று சொன்னால் அது மிகையாகாது.

எரிநெய்யைத் தெளிப்பாகச் சிதறச் செய்யும் முறை 1893இல் இரண்டு இடங்களில் தனித்தனியே தோன்றியது. ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகிய இருவரும் அவ்வாண்டு பிப்ரவரியில் காப்புரிமை பெற்றனர். ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் சில திங்கள் பின்னர்த் தம் தெளிப்புக் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினார். தெருவில் மலர்களுக்கு நீர் தெளித்த பூக்காரியைக் கண்டே ஹங்கேரியர்க்கு இவ்வெண்ணம் உதித்ததென ஒரு கதை வழங்குகிறது. கதை இனியது, அதனைக் கதையாகவே கொள்வோம். இதன் அடிப்படையை வகுப்பில் காட்டுவது எளிது. ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழல் ஒன்றை நிறுத்தி, அதன் மேல்வாயின் குறுக்கே மற்றொரு குழலால் வலிந்து ஊதினால் நீர் மேலேறித் தூறலாகச் சிதறும். விரைந்து செல்லும் காற்றில் அழுத்தம் குறையும் என்னும் இவ்வுண்மையை 1738இல் பெர்னூலியும், குறுகிய குழாயில் அதன் செயலை 1797இல் வெஞ்சூரியும் எழுதி வைத்தனர்.

இனி நம் கதைக்கு உரியவரிடம் வருவோம். இங்கிலாந்தில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்பது பெயர்பெற்ற காலணி வணிக நிறுவனம். அக்குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் ஒரு புதிய கார்புரேட்டரை வகுத்தார். ஏனையோரின் கருவிகளில் காற்று செல்லும் வாயின் அகலம் மாறாதது. ஆகவே எஞ்சின் மெல்ல ஓடுங்கால் காற்றின் விரைவு குன்றிப் பெட்ரோல் மேலெழாது. அதற்கெனத் துணைத் துளைகள் பல வேண்டும். ஸ்கின்னரோ வாயின் அகலத்தையே மாறச் செய்தார். எஞ்சின் மிகுதியாக மூச்சிழுத்தால் வாய் விரியும்; குறைவாக இழுத்தால் சுருங்கும். ஆதலின் காற்றின் விரைவு பெரும்பாலும் ஒரு நிலையிலேயே நிற்கும். வாயை விரித்துச் சுருக்க அவர் முதலில் கையாண்டது தோலால் ஆன துருத்தி. காலணிக் குடும்பத்தவர் கைக்குத் தோல் வந்தது வியப்பன்று! பின்னர் அத்துருத்தியின் இடத்தை உலோகப் பிஸ்டன் பெற்றது. தம்பி கார்ல் ஸ்கின்னருடன் சேர்ந்து 1910இல் அவர் நிறுவிய நிறுவனத்தின் பெயர் எஸ்.யு.; 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். 1926இல் டபிள்யூ. ஆர். மோரிஸ் அதனை விலைக்கு வாங்கினார். அதன்பின் மோரிஸ், எம்.ஜி. முதலிய உந்துகளில் எஸ்.யு. நிலையான இடம் பெற்றது.

அதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். மணி போன்ற மூடிக்குள் பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் இயங்கும். அதன் அடியில் நுனிநோக்கிச் சிறுத்துச் செல்லும் ஊசி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அவ்வூசி, பெட்ரோல் வரும் துளைக்குழலாகிய ஜெட்டினுள் இறங்கி நிற்கும். பிஸ்டன் உயர்ந்தால் ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டில் நிற்கும், பெட்ரோல் மிகும். தாழ்ந்தால் பருத்த பகுதி நிற்கும், பெட்ரோல் குறையும். எஞ்சினின் குணம் முழுதும் அந்த ஊசியின் சரிவில் அடங்கியிருக்கிறது. ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்குக்கு ஒரு முறை அதன் விட்டத்தை அளந்து குறித்து, எழுத்துகளால் பெயரிட்டனர். 1098 சி.சி. மோரிஸ் மைனருக்கு உரிய ஊசியின் பெயர் 'ஏ.என்.'. பிஸ்டனின் தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கும். அதில் சிறிது எண்ணெய் இடுவர். முடுக்குமிதியைத் திடீரென மிதித்தால் பிஸ்டன் துள்ளி எழாதவாறு அவ்வெண்ணெய் தடுக்கும். அந்த நொடியில் எஞ்சினுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோல் கிடைக்கும்.

கார்புரேட்டரால் உயிர்கள் ஊசலாடிய காலமும் உண்டு. 1940இல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் வானூர்திகளின் மெர்லின் எஞ்சின்களுக்கு எஸ்.யு. நிறுவனத்தின் மிதவைக் கார்புரேட்டரே பொருத்தப்பட்டிருந்தது. வானோடி மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எழும்பும். ஜெட்டுகள் வறண்டு எஞ்சின் ஒரு கணம் தவிக்கும். தொடர்ந்தால் பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து எஞ்சினை அணைத்துவிடும். பெட்ரோலை நேரே பீய்ச்சும் அமைப்புடைய ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு இக்குறை இல்லை. துரத்தப்பட்டால் அது மூக்கைத் தாழ்த்தித் தப்பிவிடும். பின்தொடர்வதற்குப் பிரிட்டிஷ் வானோடி தன் ஊர்தியைப் புரட்டிய பின்னரே பாய வேண்டியிருந்தது. பார்ன்பரோ ஆய்வு நிலையத்துப் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் அம்மையார் இதற்கு ஒரு வழி கண்டார். எஞ்சினின் உச்ச வலிமைக்கு வேண்டிய பெட்ரோல் மட்டுமே செல்லத்தக்க துளையுடைய சிறு உலோகத் துண்டு ஒன்றைக் குழாயில் வைத்தார், வெள்ளம் அடங்கியது. குறை முற்றும் நீங்கவில்லையெனினும் எஞ்சின் அணைவது நின்றது. 1941இன் தொடக்கத் திங்களில் அவரும் ஒரு சிறு குழுவினரும் விமானத் தளங்கள்தோறும் சென்று அதனைப் பொருத்தினர். பந்தயத்தில் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியவர் அவர். போர்த் தளபதிகளுக்கு எத்தனை பக்கங்கள் ஒதுக்குகிறோம்! இவருக்கு ஒரு வரியேனும் வேண்டாவா?

போர் முடிந்தபின் 1948இல் அலெக் இஸிகோனிஸ் வகுத்த மோரிஸ் மைனர் வெளிவந்தது. 1971 வரை அது செய்யப்பட்டது. பத்து இலட்சமாவது உந்து 1960 டிசம்பரில் முற்றுப்பெற்றது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அது நன்கு அறிமுகமான உந்து. எளிய குடும்பத்தவர் பழைய உந்தாக வாங்கிப் பல்லாண்டு ஓட்டியதும் அதனையே. அது நெடுநாள் வாழ்ந்தமைக்கு ஒரு காரணம், அதன் கார்புரேட்டரைத் திருப்புளியும் ஸ்பானரும் கொண்டே பிரித்துப் புதுப்பிக்கலாம் என்பது.

பிரிக்குமுன் மணிமூடிக்கும் உடலுக்கும் குறுக்கே அடையாளக் கோடு இடல் வேண்டும். மூடியைத் திசை மாற்றிப் பூட்டினால் பிஸ்டன் உரசக்கூடும். பிஸ்டனையும் மூடியின் உட்புறத்தையும் பெட்ரோலால் துடைக்கலாம், உப்புத்தாள் ஆகாது. அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை இடைவெளியில் இயங்குமாறு கடையப்பட்டவை. ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக நிற்றல் வேண்டும். மிதவைக் கிண்ணத்து அடைப்பூசி தேய்ந்திருந்தால் பெட்ரோல் வழியும். பழைய வகைகளில் ஜெட்டைச் சுற்றியுள்ள தக்கை வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து மாற்றுவர். எல்லாவற்றிலும் பெரிய பகை, காற்றுக்கதவின் அச்சுத்தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்று புகுவது. அதனைச் சீர்செய்யாமல் திருகுகளை எத்துணைத் திருகினும் பயன் இல்லை.

பூட்டியபின் ஜெட்டை நடுவில் நிறுத்துவர். பிஸ்டனை உயர்த்தி விட்டால் 'டக்' என்ற ஒலியுடன் விழுதல் வேண்டும். ஒலி மழுங்கினால் ஊசி உரசுகிறது என்பது பொருள். பின்னர் ஜெட்டின் அடியிலுள்ள நட்டை மேலே முற்றத் திருகி, அங்கிருந்து இரண்டு சுற்று, அஃதாவது 12 பக்கம், கீழிறக்குவர். எஞ்சின் நன்கு சூடேறியதும் பிஸ்டனை ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவே மெல்ல உயர்த்துவர். எஞ்சின் விரைந்து அவ்விரைவிலேயே நின்றால் பெட்ரோல் மிகுதி, நட்டை மேலேற்றுக. உடனே தளர்ந்தால் பெட்ரோல் குறைவு; கீழிறக்குக. சற்றே விரைந்து பழைய நிலைக்கு மீண்டால் கலவை செம்மை. இரட்டைக் கார்புரேட்டர் உடைய எம்.ஜி. உந்துகளில், ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்றுவாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒத்திருக்கிறதா என்று கேட்பர். மருத்துவர் நெஞ்சொலி கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிது. காதைக் கருவியாக்கிய இக்கல்வியை எந்தத் தேர்வுத் தாளும் அளந்ததில்லை.

ஈழத்தில் இக்கல்வி வாழ்வுக்கே துணையாயிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதினும் அரிதாயிற்று. ஆங்கிருந்த மோரிஸ் மைனர், ஆஸ்டின், மோரிஸ் ஆக்ஸ்போர்டு முதலிய பழைய உந்துகளை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆதலின் சேமித்து வைத்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரின் வாயில் இட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடேற்றுவர். பின் மண்ணெண்ணெய் தொடரும். புகை மண்டும், பிளக்குகளில் கரி சேரும், அடிக்கடி கழற்றித் துடைத்தல் வேண்டும். எனினும் வண்டி ஓடியது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால் அது இயன்றது. பிரிட்டனில் பெர்குசன் உழுவுந்துகளின் ஒரு வகைக்குப் பெட்ரோலில் கிளப்பி மலிந்த எண்ணெயில் ஓடும் வசதியை ஆலையிலேயே அமைத்துத் தந்தனர். யாழ்ப்பாணத்தாருக்கு அவ்வாறு அமைத்துக் கொடுப்பார் எவரும் இலர். மணப்பெண்ணும் நோயாளியும் அவ்வண்டிகளிலேயே ஏறிச் சென்றனர்.

1967இல் போஷ் நிறுவனத்தின் மின்னணுப் பீய்ச்சமைப்பு வோக்ஸ்வாகன் உந்தில் வந்தபோதே கார்புரேட்டரின் இறுதிக்காலம் தொடங்கிற்று. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அதனை விரைவுபடுத்தின. நம் நாட்டில் 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும், 1994இன் பெரோடுவா காஞ்சிலும் கார்புரேட்டருடனேயே பிறந்தவை. அவற்றின் பின்வந்த உந்துகளில் கணிப்பொறி அவ்விடத்தைப் பெற்றது. புதிய முறை தூயது, சிக்கனமானது. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. பழைய மோரிஸ் வைத்திருப்போருக்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரிலிருந்து எஸ்.யு. உறுப்புகள் இன்றும் வருகின்றன, 'ஏ.என்.' ஊசியும் அவற்றுள் ஒன்று.