'எழுத்'தை விட்டுப் போனவர்கள்

காவேரிப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி இன்ஜினியரிங் படித்த நாட்களில், என் பையில் ரா.கி. ரங்கராஜனின் 'எப்படிக் கதை எழுதுவது?' இருக்கும். பாதிப் பக்கங்களில் அடிக்கோடு. கதை மட்டும் வரவில்லை.

பிறகுதான் 'எழுத்து' பற்றித் தெரிந்தது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து ஆரம்பித்த விமர்சனப் பத்திரிகை. அதில் குறுக்குவழி எதுவும் கிடையாது. ஒரு கதை ஏன் நிற்கிறது, ஏன் சாய்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள், நாங்க கோடு ரிவ்யூ பண்ற மாதிரி. திருகோணமலையிலிருந்து பிரமிள் இருபது வயசிலேயே அதில் எழுதினார். வெங்கட் சாமிநாதன் வந்தார். புதுக்கவிதைக்கு இடம் கிடைத்தது. 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு.

அப்புறம் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள். 1968இல் சேலத்திலிருந்து 'நடை' வந்தது. அதன் பின்னால் இருந்தவர் 'எழுத்'தில் வளர்ந்த சி. மணி. 1970இல் சென்னையில் 'கசடதபற'. அதே வருஷம் 119 இதழ்களோடு 'எழுத்து' நின்றது. இதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேள்வி கேட்கப் பழக்கியவரையே கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. 'வாடிவாசல்' புத்தகமாக வந்ததும் 1959தான். அப்பேர்ப்பட்ட கதைக்காரர், புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்தார். மூன்று பாகமாக 'சுதந்திர தாகம்' அச்சில் வந்தபோது அவருக்கு வயசு எண்பத்தைந்து.